அனுப்புவேனா

எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் பேச வேண்டும். மூன்று பேர் என்றால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மேடையில் இருக்கிற இருபத்திரண்டு பேரையும் பெயர் சொல்லி அவர்களே, அவர்களே என்று விளித்து முடிப்பதற்கே ஆளுக்குப் பத்து நிமிஷம் போகும், ஒருவரை விட்டுவிட்டாலும் ஆயுசுக்கும் பகை. இப்போது ஒன்றியச் செயலாளர் விளித்துக்கொண்டிருக்கிறார். ‘சொற்கொண்டல் பரிதிவாணன் அவர்களே’ என்று என் முறை வந்தது, கை தானாகக் கூப்பிக்கொண்டது. முப்பது வருஷமாக மேடையில் இருக்கிற கை, அதற்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா வைத்த பெயர் பரமசிவம். ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தமிழ் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த பரமசிவம் வாத்தியார் கட்சி மேடையில் ஏறியதும் பரிதிவாணன் ஆனார், பிறகு கொண்டலும் ஆனார். வருஷத்துக்கு நாலு நாள் மழை பெய்கிற இந்தக் கரிசல்காட்டில் எனக்கு மட்டும் மழைமேகம் என்று பட்டம். நாலரை மணி வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. பந்தல்காரன் மேற்கே ஒரு படுதா கட்டியிருக்கலாம். இந்தச் சர்க்கரை உடம்போடு இன்னும் ஒரு மணி நேரம் எழுந்து போகாமல் உட்கார முடியுமா என்று தெரியவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருப்பது நல்லது. மூத்திரத்தை நினை, முழங்கால் வலியை நினை, வெயிலை நினை, இடது பக்கம் மட்டும் திரும்பாதே. இடது பக்கம் ஐந்தாவது நாற்காலியில் வெள்ளத்தாய் உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பாவிட்டால் மட்டும் என்ன, முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸிலும் அவள்தான் இருக்கிறாள். முப்பதடி நீளம். ஒரு ஓரத்தில் அமைச்சர், இன்னொரு ஓரத்தில் ராணுவ உடுப்பில் அவளுடைய இரண்டு மகன்கள், மூத்தவன் கொம்பையா, இளையவன் சங்கரவேல், நடுவில் கை கூப்பிய வெள்ளத்தாய், அவள் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் அந்த வாக்கியம். ‘இன்னொருவன் இருக்கிறான், அவனையும் அனுப்புவேன்!’ ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கொம்பையாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதாக நான் சொன்ன வாக்கியம். வடக்கே எல்லையில் நடந்த சண்டையில் கொம்பையா செத்தபோது அவனுக்கு வயது இருபத்துநாலு. போன மாதம் அதே எல்லையில் சங்கரவேலும் செத்தான், இருபத்துமூன்று. இன்றைக்கு அவனுடைய படத்திறப்பு, சிறப்புரை நான். செத்தான் என்று மனசுக்குள் சொல்லும்போதே நாக்கு இடறுகிறது, மேடையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது. யாருமே சொல்வதில்லை. இதோ ஒன்றியம் ஆரம்பித்துவிட்டார், இன்னுயிர் ஈந்தான் என்கிறார், மண்ணுக்கு வித்தானான் என்கிறார், செங்குருதியால் எல்லைக்குக் கோடு கிழித்தான் என்கிறார். கடைசியில் சொன்னது என்னுடையது, போன தேர்தலில் சொன்னேன், சுருட்டிக்கொண்டுவிட்டார், சுருட்டட்டும். வெள்ளத்தாய் ஒருத்திதான் செத்துப்போனான் என்று சொல்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இந்த மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்னைப் பார்த்தபோதும் அப்படித்தான் சொன்னாள்.

நான் காரைவிட்டு இறங்கி, ஆள் இல்லாத சுவராகப் பார்த்து ஒதுங்கிவிட்டுத் திரும்புகிறேன், வேப்பமரத்தடியில் நிற்கிறாள். “வாத்தியாரய்யா, ஒரு வார்த்த.” இந்த ஊரில் கொண்டல் எல்லாம் செல்லாது, நான் வாத்தியார்தான். “சொல்லு தாயி” என்றேன். “இன்னைக்காவது நான் சொன்னத சொன்னபடியே சொல்லுதீகளா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன், எதிர்க்கட்சிக்காரன் கோபத்துக்கெல்லாம் பதில் சொல்லித்தான் பேர் வாங்கினவன் நான். அவள் ரேஷன் கடையில் சீனி வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். “இன்னொருத்தன் இருக்கான், அவனையும் அனுப்புவேனான்னுதான அன்னைக்கு நான் கேட்டேன். அழுதுக்கிட்டே சொன்னேன்லா, ஒங்க காதுல தப்பா விழுந்துட்டு. ஊரு அதப் புடிச்சுக்கிட்டுது. எத்தன பேருகிட்டச் சொல்லுவேன், நான் சொல்லல சொல்லலன்னு. போடி, துக்கத்துல சொன்னது ஒனக்கு மறந்துட்டு, வாத்தியாரு பொய் சொல்லுவாராங்காக. எம்புள்ளகிட்டயும் சொன்னேன். சிரிச்சான். கூச்சப்படாதம்மான்னு சிரிச்சான். பெத்தவளே போன்னுட்டாளேன்னு நெனச்சுக்கிட்டுத்தான அவன் போயிருப்பான், அங்க பனிக்குள்ள கெடந்து சாகும்போதும் அப்படித்தான நெனச்சிருப்பான். நான் அனுப்பலன்னு மைக்குல சொல்லிருங்கய்யா. செத்துப்போனவனுக்குக் கேக்குமோ கேக்காதோ. எனக்குக் கேட்டாப் போதும்.” நான் என்ன சொன்னேன். பார்க்கலாம் தாயி என்றேன். ரோடு கேட்டாலும் பார்க்கலாம், தண்ணீர் கேட்டாலும் பார்க்கலாம். வாய்க்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

காதில் தப்பாக விழுந்துவிட்டதாம். எவ்வளவு நல்ல மனசு. ஒன்பது வருஷமாக அவள் எனக்காக ஒரு சாக்கை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், நான் அதற்குள் நுழைந்துகொண்டால் போதும், ஆமாம் தாயி, அன்றைக்கு ஒரே சத்தம், கொட்டுக்காரர்கள் வேறு, எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிடலாம். நானும் சில வருஷம் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அவள் குரல் கம்மியிருந்தது, கடைசி எழுத்து தொண்டையிலேயே நின்றிருக்கலாம். அனுப்புவேன், அனுப்புவேனா, என்ன பெரிய வித்தியாசம், ஒரு ஆகாரம். வினா எழுத்துகள் ஐந்து, எ, யா முதலில் வரும், ஆ, ஓ கடைசியில் வரும், ஏ இரண்டு இடத்திலும் வரும். பதினாலு வருஷம் பலகையில் எழுதிப்போட்ட கை இது. ஒரு சொல்லின் வாலில் ஆ ஒட்டிக்கொண்டால் அந்தச் சொல் தலைகீழாகிவிடும் பிள்ளைகளா, வந்தான் என்றால் வந்துவிட்டான், வந்தானா என்றால் வரவில்லையோ என்று பயம். பயம் என்று பாடப்புத்தகத்தில் இல்லை, நானாகச் சேர்த்துச் சொல்வேன், பிள்ளைகள் சிரிக்கும். எனக்கா காதில் விழவில்லை? தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கக் குச்சி அடுக்குகிறவள், மருந்து ஏறின விரல், அந்த விரலால் அன்றைக்குக் கொம்பையாவின் சவப்பெட்டிப் பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிக்கொண்டே போனாள். “தல எந்தப் பக்கம்யா இருக்கு?” என்று கேட்டாள். ஆணி அடித்திருந்தது, திறக்கக் கூடாது என்று கூட வந்த ராணுவக்காரர் சொல்லிவிட்டார். தலை எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியவில்லை, பாவம், அவரும் சின்ன வயசுதான், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் ஒரு உத்தேசத்தில் ஒரு கோடியைத் தலை என்று வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்து தடவ ஆரம்பித்தாள். பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டாள். இன்னொருத்தன் இருக்கான், அவனையும் அனுப்புவேனா. ஆ மிக நீளமாக இருந்தது. கொட்டுச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் பக்கத்துத் தெரு வரைக்கும் போயிருக்கும் அந்த ஆ.

அரை மணி நேரம் கழித்து மைக் என் கைக்கு வந்தது. நாலாயிரம் பேர், சுற்றுவட்டாரம் மொத்தமும் திரண்டிருந்தது, டி.வி.க்காரர்கள் இருந்தார்கள். என் தொழில் ரகசியம் ஒன்றை இப்போது சொன்னால் என்ன, யாரிடம் சொல்கிறேன், என்னிடம்தானே. கைதட்டு வேண்டுமென்றால் வாக்கியத்தை மெய்யெழுத்தில் வெட்ட வேண்டும். வென்றான், நின்றான், தந்தான். ன் என்று கத்தரித்தால் கூட்டத்தின் கை தானாகச் சேரும். ஆ என்று இழுத்தால் ஜனம் வாயைப் பார்த்துக்கொண்டு அடுத்தது என்ன என்று காத்திருக்கும். அவள் கேட்டதை அவள் கேட்டபடி சொன்னால் நாலாயிரம் பேரும் சும்மா நின்றிருப்பார்கள், அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், எங்கள் கட்சி உட்பட. நான் இதையெல்லாம் அப்போது யோசித்தேனா என்றால் இல்லை. வாய் தானாக வெட்டிவிட்டது. ‘இன்னொருவன் இருக்கிறான், அவனையும் அனுப்புவேன் என்றாள் இந்த வீரத்தாய்!’ என்றேன், கைதட்டு எழுந்தது பாருங்கள், என் ஆயுசில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை, மயிர் சிலிர்த்தது, எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலை எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதை நான் சொல்லவில்லை. அதற்குக் கைதட்டு விழாது.

அதற்கப்புறம் அந்த வாக்கியம் என் கையில் இல்லை. பேப்பரில் வந்தது, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், ஊர் முக்கில் ‘வீரத்தாய் வெள்ளத்தாய் பயணியர் நிழற்குடை’ கட்டி வாக்கியத்தை பெயிண்டில் எழுதிவைத்தார்கள். திறந்துவைத்தவன் நான். தினமும் காலையில் அவள் அந்த எழுத்துக்குக் கீழேதான் நின்று தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். சங்கரவேல் அதே இடத்தில் நின்றுதான் பள்ளிக்கூடம் போனான், மீசை வளர்த்தான், கூட்டாளிகளிடம் ஏச்சு வாங்கினான், எப்பல கெளம்புத, ஒங்கம்மாதான் எழுதியே குடுத்துட்டால்லா. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னார்கள். யாரோ என்றால் யார்? அங்கே போகாதே. வேறு எதையாவது நினை. என் மகனை நினை, பெங்களூரில் குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான், பிளஸ் ஒன் படிக்கும்போது என்.சி.சி.யில் சேரப் பாரம் கொண்டுவந்தான், படிப்புக் கெட்டுப்போகும் என்று கிழித்துப்போட்டேன். நிழற்குடை திறந்த வாரம்தான் அது. ஊருக்குத்தான் உபதேசம். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இரண்டும் வேறு வேறு விஷயம் என்றுதான் இருந்தேன்.

குருநாதன் என் தோளில் சாய்கிறார். மாவட்டச் செயலாளர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், சந்தன வாசனை. “அண்ணே, அமைச்சர் வண்டி பைபாஸ் தாண்டிருச்சு. அந்த இன்னொருவன் கண்டிப்பா வரணும். இந்தத் தடவ ரெண்டையும் குடுத்தவள்னு ஒரு தூக்கு தூக்குங்க. வாரியத் தலைவர் லிஸ்டு அவர் பையிலதான் இருக்கு, ஒங்க பேரு ரெண்டாவது.” தலையை ஆட்டினேன். ரெண்டையும் குடுத்தவள். நன்றாகத்தான் இருக்கும், எதுகை மோனை எல்லாம் தானாக வந்து உட்காரும், தலைமகனைத் தந்தாள், தனிமகனையும் தந்தாள், பாருங்கள், நான் கேட்காமலே வருகிறது, இந்த மனசை என்ன செய்வது. அந்த அம்மா அனுப்பலன்னு சொல்லச் சொல்கிறாள் குருநாதன் என்று இவரிடம் சொன்னால் என்ன சொல்வார்? கூட்டம் முடியட்டும்ணே, பாத்துக்கலாம் என்பார். பார்க்கலாம் என்கிற வார்த்தையை அவரும் என்னிடம்தானே கற்றுக்கொண்டார்.

சரி. யாரோ என்றால் யார் என்கிற இடத்துக்கே போய்விடலாம், போகாமல் எத்தனை நாள். சங்கரவேல்தான் சொன்னான். நிழற்குடைச் சமாசாரமெல்லாம் அவனே வந்து சொன்னான். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பஸ் மாறி என் வீட்டுக்கு வந்திருந்தான், பத்தொன்பது வயது, இஸ்திரி போட்ட நீலச் சட்டை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள், குடிக்காமல் ஆறவிட்டான். “அய்யா, ஆர்டர் வந்துட்டு. பத்தாம் தேதி ரிப்போர்ட் பண்ணணும். அதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அம்மா அன்னைக்கு நெசமாவே அப்படிச் சொன்னாகளா? அவுக சொல்லலங்காக. ஊருல எல்லாரும் சொன்னாகன்னு சொல்லுதாக. கேட்டது நீங்க ஒராள்தான்.” காப்பி ஆறுதே தம்பி, குடி என்றேன். அவன் குனிந்துகொண்டு சொன்னான், “எனக்குப் போகணும்னு அப்படி ஒண்ணும் ஆச இல்லய்யா. ஐ.டி.ஐ.யில எடம் கெடச்சிருக்கு. அம்மா வாக்கு, ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, அதுக்காகத்தான். அம்மா சொல்லலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா நான் போகல.” இதைவிடத் தெளிவாக ஒருத்தன் கேட்க முடியுமா. தட்டில் வைத்து நீட்டினான். அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல், நான் மறுத்தால் அவன் ஊரில் போய்ச் சொல்வான், ஊர் நிழற்குடையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடுவானா, கொண்டல் புளுகிய கதை என்று போஸ்டர் ஒட்டுவான். இவ்வளவும் யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மேடையில் வாய் தானாக வெட்டியது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்குக் கைதட்டக்கூட ஆள் இல்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நான் முழு அறிவோடு உட்கார்ந்திருந்தேன். “சொன்னாங்க தம்பி. என் காதால கேட்டேன்” என்றேன். அவன் சரிங்கய்யா என்று எழுந்து, ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் ஆசீர்வாதம் பண்ணினேன். வெற்றியோடு வா என்றேன், பாவி, அப்போதும் ஒரு வசனம்.

அமைச்சர் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்தோம், அவருக்கு நேரமில்லையாம், நடுவில் இருந்த இரண்டு பேரையும் வெட்டிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேனே. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நடக்கும்போது இடது பக்கம் பார்த்துவிட்டேன். கழுத்தில் போட்ட பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி. மைக்கைப் பிடித்தேன். அவர்களே என்று ஒருவரையும் விளிக்கவில்லை, அமைச்சரைக்கூட விளிக்கவில்லை, குருநாதன் நிமிர்ந்து உட்கார்வது தெரிந்தது. “ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் இந்தத் தாய் என்னிடம் கேட்டாள். இன்னொருத்தன் இருக்கான், அவனையும் அனுப்புவேனா” என்றேன். ஆ சொன்னேன். என் நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் போட்டுச் சொன்னேன். கூட்டம் அனுப்புவேன் வரைக்கும்தான் கேட்டது, அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டது, விசில் பறந்தது, அமைச்சரும் தட்டினார். மறுபடி சொன்னேன். மறுபடி தட்டினார்கள், முன்னைவிடப் பலமாக, ஓரத்தில் கொட்டுக்காரர்கள் வேறு ஒரு அடி அடித்தார்கள். நான் பழக்கிவைத்த கூட்டம், எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

கையைத் தூக்கினேன். சத்தம் அடங்கும்வரை நின்றேன். பிறகு மேடைத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினேன். “தட்டாதீங்க. அவ அனுப்புவேன்னு சொல்லல. அனுப்புவேனான்னு கேட்டா. அனுப்ப மாட்டேன்னு அர்த்தம். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன், ஒங்க கைதட்டுக்காகச் சொன்னேன்.” அடுத்த வரியில் எங்கே தூக்கப்போகிறேன் என்று சிலர் இன்னும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். குருநாதன் என் வேட்டியைப் பின்னால் இழுத்தார். வெள்ளத்தாய் தலையை மெல்ல ஆட்டினாள், கேட்டது கிடைத்துவிட்டது என்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது போதும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் அவ்வளவுதான் கேட்டாள். எனக்குத்தான் போதவில்லை, இறக்கிவைக்க ஆரம்பித்தவன் முழுவதையும் இறக்கிவைக்கப் பார்த்தேன், அதையும் என் பாரத்துக்காகத்தான் செய்தேனோ என்னவோ. “சங்கரவேல் போறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து கேட்டான்” என்றேன். “அம்மா நெசமாச் சொன்னாகளான்னு கேட்டான். சொல்லலன்னா போகலன்னான். சொன்னாங்கன்னு நான்தான் அனுப்பிவச்சேன்.”

நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள். பொன்னாடை கீழே விழுந்தது, அதை மிதித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் கை ஓங்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவள் மெதுவாகக் கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

“எங்கிட்ட சிரிச்சானே வாத்தியாரய்யா. ஒங்ககிட்ட வந்து கேட்டானா?”